திருச்சபையை எண்ணிப் பார்த்தல்: சமூகவியல் ஆய்வில் புள்ளியியலின் அரிச்சுவடி

இறையியல் கல்லூரிகளில் மாணவர் அளிக்கும் களப்பணி அறிக்கைகளை வாசித்து வருவோர்க்குச் சில சொற்றொடர்கள் மிகவும் பழக்கமானவை. 'பெரும்பாலான குடும்பங்கள் கடனில் வாடுகின்றன', 'இளைஞரில் பலர் ஆராதனைக்கு வருவதில்லை', 'பெண்களிடையே கல்வி வெகுவாகப் பெருகியுள்ளது' என்பன போன்றவை அவை. பெரும்பாலான என்பது நூற்றுக்கு ஐம்பத்தைந்தா, தொண்ணூறா? பலர் என்போர் எத்தனை பேரில் பலர்? வெகுவாகப் பெருகியது எனில் எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? இவ்வினாக்களுக்கு அறிக்கையில் விடை இராது. ஆயினும் இத்தகைய அறிக்கைகளை நம்பியே திருச்சபை மன்றங்களில் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன; விடுதிகள் திறக்கப்படுகின்றன, மூடப்படுகின்றன; ஊழியர்கள் இடம் மாற்றப்படுகின்றனர்.

எபிரெய வினைச்சொற்களின் ஏழு வடிவங்களையும் மனனம் செய்யத் துணிந்த மாணவர், 'திட்ட விலக்கம்' என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சி ஒதுங்குவது வியப்புக்குரியது. தொடக்கநிலைப் புள்ளியியலுக்கு வேண்டியவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவை மட்டுமே. இவற்றை நாம் உயர்நிலைப் பள்ளியிலேயே கற்றுவிட்டோம். கடினமானது கணக்கன்று, எதை எண்ணுகிறோம், எதை எண்ணாது விடுகிறோம் என்று நேர்மையாகச் சொல்லுவதே கடினம்.

மக்களை எண்ணுவது தாவீது செய்த பாவம் அன்றோ என்று கேட்போரும் உண்டு. 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை அவர்கள் காட்டுவர். அதே வேதாகமத்தில் எண்ணாகமம் என்றே பெயர் பெற்ற ஒரு நூலும் இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். எண்ணுதல் எவர் கையில், எந்நோக்கத்திற்காக நடைபெறுகிறது என்பதே அங்குப் பிரச்சினை. ஆய்வாளருக்கு அப்பகுதி வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. தாவீதின் கணக்கில் இஸ்ரவேலர் 8 லட்சம், யூதா மனுஷர் 5 லட்சம் என்று சாமுவேலின் நூல் கூறும். 1 நாளாகமம் 21இலோ இஸ்ரவேலர் 11 லட்சம், யூதா 4 லட்சத்து 70 ஆயிரம் என்று காண்கிறோம். லேவியும் பென்யமீனும் அக்கணக்கில் சேரவில்லை என்றும் நாளாகமம் குறிக்கிறது. ஒரே கணக்கெடுப்பைப் பற்றிய இரு சான்றுகள் வேறுபடுமானால், முதலில் கேட்க வேண்டியது யார் யார் எண்ணப்பட்டனர் என்பதே. இதனைப் புள்ளியியலார் 'முழுத்தொகுதியை வரையறுத்தல்' என்பர்.

பன்னிரண்டு கோத்திரங்களின் கணக்கு

எண்ணாகமத்தைவிடச் சிறந்த பாடப்புத்தகம் நம் மாணவருக்குக் கிடைப்பது அரிது. அதன் 1ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கெடுப்பும் 26ஆம் அதிகாரத்தில் மற்றொன்றும் உள்ளன. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள, போருக்குப் புறப்படத்தக்க ஆண்கள் மட்டுமே தொகுதி. லேவியர் தனியே எண்ணப்பட்டனர். பெண்களும் சிறுவரும் இல்லை. முதல் கணக்கின் மொத்தம் 6,03,550. இரண்டாவதன் மொத்தம் 6,01,730. குறைவு 1,820 பேர்; அதாவது நூற்றுக்கு 0.3. நாற்பது ஆண்டு வனாந்தர வாழ்வில் ஒன்றுமே மாறவில்லை என்றே மொத்தத்தை மட்டும் காண்பவர் எழுதிவிடுவார்.

ஆனால் கோத்திரங்களைத் தனித்தனியே நோக்குவோமாக. சிமியோன் கோத்திரத்தார் 59,300இலிருந்து 22,200ஆகக் குறைந்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 63 வீழ்ச்சி. மனாசே கோத்திரத்தார் 32,200இலிருந்து 52,700ஆகப் பெருகினர். நூற்றுக்கு ஏறக்குறைய 64 வளர்ச்சி. ஒன்றின் அழிவை மற்றொன்றின் பெருக்கம் மொத்தத்தில் மறைத்துவிட்டது. நம் பேராயங்களின் ஆண்டறிக்கைகளில் 'அங்கத்தினர் தொகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்ற வரியைக் காணும்போதெல்லாம் சிமியோன் எங்கே என்று தேட வேண்டும்.

சராசரியைக் காண்போம். முதல் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு கோத்திரத்திற்கு 50,296 பேர், இரண்டாவதில் 50,144. மிகச் சிறிய வேறுபாடே. இனி எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதைக் காண்பது 'இடைநிலை அளவு'. பன்னிரண்டு இரட்டைப்படை எண்ணாதலால் ஆறாவதையும் ஏழாவதையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். முதல் கணக்கில் 46,500, 53,400 ஆகியவற்றின் நடுவே 49,950 கிடைக்கிறது, இரண்டாவதில் 49,150. சராசரியும் இடைநிலையும் அருகருகே நிற்பதால், மிகப் பெரிய ஓர் எண் சராசரியை இழுத்துச் சென்றுவிடவில்லை என அறிகிறோம். காணிக்கைக் கணக்கில் இவ்வாறு நிகழ்வதில்லை. ஒன்பது குடும்பங்கள் ஆளுக்கு 100 ரூபாயும் ஒரு குடும்பம் 9,100 ரூபாயும் தந்தால் சராசரி 1,000 ரூபாய். அந்தச் சபையில் 1,000 ரூபாய் தந்த குடும்பம் ஒன்றுமில்லை. இடைநிலை 100 ரூபாய். வரி விதிப்போர் சராசரியை விரும்புவதும் வரி செலுத்துவோர் இடைநிலையை விரும்புவதும் இயல்பே.

ஆயினும் கோத்திரங்களில் நேர்ந்த மாற்றத்தைச் சராசரியோ இடைநிலையோ காட்டவில்லை. அதற்காகவே திட்ட விலக்கம் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கோத்திரத்தின் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழிக்க வேண்டும். சில வேறுபாடுகள் மிகையாகவும் சில குறையாகவும் வரும். அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று அழித்துச் சுன்னமாகிவிடும். ஆதலால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, இறுதியில் வர்க்கமூலம் காண்கிறோம். முதல் கணக்கில் திட்ட விலக்கம் சுமார் 11,770. இரண்டாவதில் சுமார் 14,410. சராசரி அசையாது நிற்க, கோத்திரங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு பெருகிவிட்டது என்பதே இதன் பொருள். வாசகர் ஒரு மாலைப் பொழுதில் தாளும் பென்சிலும் கொண்டு இதனைச் செய்து பார்ப்பாராக. பிறகு அச்சொல் ஒருபோதும் அச்சுறுத்தாது.

இன்னுமொன்று. இவ்விருபத்து நான்கு எண்களில் இருபத்திரண்டு முழு நூறுகளாகவே முடிகின்றன. முதல் கணக்கில் காத் கோத்திரமும் (45,650) இரண்டாவதில் ரூபன் கோத்திரமும் (43,730) மட்டுமே விதிவிலக்கு. ஆகவே தனித்தனித் தலைகள் எண்ணப்பட்டு அப்படியே பதிவாகவில்லை, தோராயப்படுத்தப்பட்டன என ஊகிக்கலாம். 'ஆயிரம்' எனப் பெயர்க்கப்படும் எபிரெயச் சொல் குடும்பக் கிளையையோ படைப்பிரிவையோ குறிக்கலாம் என்ற அறிஞர் விவாதத்தை மாணவர் அறிவர். எண்ணின் கடைசி இலக்கங்களை உற்று நோக்கும் பழக்கம் விளக்கவுரைக்கும் பயன்படும், களப்பணிக்கும் பயன்படும். வயதைக் கேட்டால் நம் கிராமங்களில் முதியோர் 50, 60, 65 என்றே சொல்லுவர். 57 என்பார் அரியர்.

ஆராதனைக்கு வந்தோர் எத்தனை பேர்?

1851 மார்ச் 30 ஞாயிறன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஆராதனை இடங்களில் வந்தோர் அனைவரும் எண்ணப்பட்டனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்து நடத்தப்பட்ட இம்முயற்சியின் அறிக்கையை எழுதியவர் ஹொரேஸ் மான் என்னும் வழக்கறிஞர். காலையில் 46,47,482, பிற்பகலில் 31,84,135, மாலையில் 30,64,449. ஆக மொத்தம் 1,08,96,066 வருகைகள். நாட்டின் மக்கள்தொகை அப்போது 1,79,27,609.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வருகைகள் வேறு, வந்தவர்கள் வேறு. காலையில் வந்தவரே மாலையிலும் வந்திருப்பார். எத்தனை பேர் இருமுறை வந்தனர் என்று எவரும் கேட்டு எழுதவில்லை. மான் ஒரு சூத்திரம் வகுத்தார்: காலையில் வந்தோரை முழுமையாகவும், பிற்பகலில் வந்தோரில் பாதியையும், மாலையில் வந்தோரில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டுவது. அவ்வாறு கிடைத்தது 72,61,032 பேர். சிறு குழந்தைகள், நோயாளர், வேலையை விட்டு வரவியலாதோர் ஆகியோர்க்காக நூற்றுக்கு 30ஐக் கழித்தால் வரக்கூடியவர்கள் 1,25,49,326 என்று கொண்டார். இரண்டிற்கும் இடையே உள்ள 52,88,294 பேர் வரவியன்றும் வராதவர் என்ற முடிவு பிறந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தை அது திடுக்கிடச் செய்தது.

இந்த ஏழிலக்க எண்ணின் துல்லியம் மயக்கந்தருவது. பாதி என்றும் மூன்றில் ஒன்று என்றும் எடுத்தது எவரும் அளந்து கண்டதன்று, ஓர் அனுமானம். மேலும் அவ்வனுமானம் எல்லாருக்கும் ஒரே வகையாகப் பாதகமாகவில்லை. ஆங்கிலிக்கன் ஆலயங்களில் காலை ஆராதனை வலுவுடையது. மெதடிஸ்ட் முதலிய சுயாதீன சபைகளில் மாலைக் கூட்டமே பல இடங்களில் பெரியது. மாலை வருகையை மூன்றிலொன்றாகக் குறைக்கும் சூத்திரம் யாரைக் குறைத்துக் காட்டும் என்பது வெளிப்படை. அந்த ஞாயிறு தவக்காலத்தின் நடு ஞாயிறு. சில வட்டாரங்களில் பிள்ளைகள் தாய்வீடு சென்று வரும் நாள். ஒரு நாளை ஓர் ஆண்டிற்குப் பதிலாக நிறுத்தும்போது எழும் இடர் இது. அறுவடை நன்றித் திருநாளில் எண்ணிவிட்டு அதுவே சபையின் வருகை என்று எழுதும் வழக்கம் நம்மிடத்திலும் இல்லாமல் இல்லை.

ஆயினும் மானை நாம் மதிக்கிறோம். தம் சூத்திரத்தை அவர் மறைக்கவில்லை. அடிப்படை எண்களை அறிக்கையில் வைத்தமையால், நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க இயலுகிறது.

தொகுதியிலிருந்து தனிமனிதருக்குத் தாவுதல்

சமூகவியலில் அளவுசார் ஆய்வின் பெருநூலாகக் கருதப்படுவது எமில் துர்கைம் 1897இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'தற்கொலை'. புராட்டஸ்டாண்டினர் மிகுந்த பகுதிகளில் தற்கொலை வீதம் கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளைவிட அதிகம் என்று அவர் காட்டினார். தனிமனிதனைச் சமயக் கூட்டுறவு எத்துணை இறுகப் பிணைத்திருக்கிறது என்பதே காரணம் என்றார். நம் மரபினரைக் குறித்ததாதலின் நாம் இதனை உணர்ச்சி கலவாது ஆராய வேண்டும். இரு ஐயங்கள் எழுகின்றன. தற்கொலையைப் பெரும் இழிவாகக் கருதும் ஊரில் அம்மரணம் விபத்து என்றோ நோய் என்றோ பதிவாகியிருக்கலாம். அங்ஙனமாயின் வேறுபாடு சாவில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. மற்றொன்று, புராட்டஸ்டாண்டினர் மிகுந்த மாகாணத்தில் தற்கொலை மிகுதி என்பதிலிருந்து, செத்தவர்கள் புராட்டஸ்டாண்டினரே என்பது பெறப்படாது. அங்குச் சிறுபான்மையாய் இருந்த பிறர் ஆகவும் இருக்கலாம்.

இரண்டாம் ஐயத்தை அமெரிக்க அறிஞர் வில்லியம் ராபின்சன் 1950இல் ஒரு கட்டுரையால் நிலைநாட்டினார். அமெரிக்காவின் 48 மாநிலங்களை எடுத்து, வெளிநாட்டில் பிறந்தோரின் விகிதத்தையும் எழுத்தறியாதோரின் விகிதத்தையும் ஒப்பிட்டால் ஒட்டுறவுக் கெழு −0.53. (இக்கெழு −1 முதல் +1 வரை செல்லும், குறைக்குறி, ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதைக் காட்டும்.) ஆகவே குடியேறியவர் அதிகம் எழுத்தறிந்தவர் என்று சொல்லத் தோன்றும். தனிமனிதரை எடுத்துக் கணக்கிட்டபோதோ கெழு +0.12 அளவில் வந்தது. குடியேறியவரிடையே எழுத்தறியாமை சற்றே கூடுதல். குடியேறியோர் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் சென்று தங்கியமையே புதிரின் விடை. வட்டார எண்களைக் கொண்டு மனிதரைக் குறித்துப் பேசுதல் அன்று முதல் ஒரு பெயருள்ள தவறாயிற்று. 'இத்தாலுகாவில் கிறிஸ்தவர் அதிகம், கல்வியும் அதிகம். ஆகவே கிறிஸ்தவர் கல்வியில் முன்னேறியவர்' என்று மேடைகளில் கேட்கிறோமே, அது இத்தவறின் உடன்பிறப்பு. முடிவு மெய்யாகவும் இருக்கலாம். அந்த எண்கள் அதற்குச் சான்றாகா.

கூறெடுத்தல்

எல்லாரையும் எண்ண இயலாதபோது ஒரு கூறை மட்டும் எடுக்கிறோம். அரிசி வெந்ததா என்று பார்க்கப் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுப்பதை எல்லாரும் உவமையாகச் சொல்லுவர். பானையைக் கிளறியிருந்தால்தான் அவ்வுவமை செல்லும். 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, ஏறக்குறைய 24 லட்சம் விடைகள் பெற்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெருமந்தக் காலத்து ஏழைகள் அவற்றில் இல்லை. அன்றியும், விடையெழுத முன்வந்தவரும் முன்வராதவரும் ஒரே மனப்போக்கினர் அல்லர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாயிலில் வினாநிரல் கொடுத்து, 'மக்கள் ஏன் ஆலயத்திற்கு வருவதில்லை' என்று ஆராயும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

சரியான வழி, சபைப் பதிவேட்டிலுள்ள குடும்பங்கள் அனைத்திற்கும் எண் இட்டு, குலுக்கல் முறையில் எடுப்பது. இவ்வாறு 100 பேரை எடுத்தால், பாதிப் பேர் ஆம் என்ற முடிவில் இருபுறமும் 10 புள்ளிகள் வரை பிழை எதிர்பார்க்கலாம். 400 பேராயின் 5 புள்ளிகள். 1,600 பேராயின் 2½. கூறு நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகும். முழுத்தொகுதி ஒரு நகரமா நாடா என்பது ஏறக்குறைய பொருட்டன்று என்பதை மாணவர் எளிதில் நம்புவதில்லை. ஆயினும் அதுவே உண்மை. மஹலனோபிஸ் கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்ததும், 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் இக்கொள்கையை நம்பியே.

கூறு சிறியதாயின் என்ன நேரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஆலயத்திற்கு அருகில் வாழும் 100 இளைஞரில் 60 பேரும், தொலைவில் வாழும் 100 பேரில் 45 பேரும் ஒழுங்காக வருகின்றனர் எனக் கொள்வோம். தொலைவுக்கும் வருகைக்கும் தொடர்பே இல்லையெனில் இரு புறமும் 52½ பேர் வந்திருக்க வேண்டும், வராதோர் 47½. கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடு நான்கு கட்டங்களிலும் 7½. அதை வர்க்கப்படுத்தி, அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 4.51 வருகிறது. கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த 'கை வர்க்கச் சோதனை' இதுவே. இத்தகைய நான்கு கட்ட அட்டவணையில் 3.84ஐத் தாண்டினால், தொடர்பே இல்லாதபோது தற்செயலாக இத்தனை வேறுபாடு வருவது நூற்றுக்கு ஐந்து முறைக்கும் குறைவு. இனி அதே விகிதத்தில் 40 பேரில் 24, 40 பேரில் 18 என்று வைத்துக் கணக்கிட்டால் 1.80 மட்டுமே. நூற்று வீதங்கள் மாறவில்லை. சான்றின் வலிமை மாறிவிட்டது. நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை வானத்திலிருந்து இறங்கியதன்று. ஃபிஷர் 1925இல் எழுதிய நூலால் பரவிய வழக்கு.

சபைப் பிரிவுகளுக்கு 1, 2, 3 என்று குறியீடு இட்டுவிட்டு அவற்றின் சராசரியையும் காணும் அறிக்கைகள் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1, லுத்தரன் 2, பெந்தெகொஸ்தே 3 எனில், ஒரு தென்னிந்தியத் திருச்சபையாரும் ஒரு பெந்தெகொஸ்தேயாரும் சேர்ந்து ஒரு லுத்தரன் ஆவதில்லை. பெயருக்குப் பதிலாக நிற்கும் எண் எண்ணன்று.

எண்ணப்படாதோர்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 44,18,331 பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு 6.12. இவர்களுள் தலித் மக்கள் எத்தனை பேர் என்று அவ்வறிக்கையில் தேடினால் விடை இல்லை. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (அட்டவணைச் சாதிகள்) ஆணை இந்துக்களை மட்டும் அட்டவணைச் சாதியினராகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அவ்வாணையின்படியே எண்ணியதால், கிறிஸ்தவர் என்று எழுதப்பட்டவர் அட்டவணைச் சாதி என்று எழுதப்படவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. ஆகவே அம்மக்களின் எழுத்தறிவு, நிலவுடைமை, தொழில் எதுவும் தனியே அறியப்படவில்லை. உரிமை கோரிச் செல்வோரிடம் 'எத்தனை பேர், என்ன நிலை' என்று கேட்கப்படும்போது, மதிப்பீடுகளையே அவர்கள் சொல்ல வேண்டியதாகிறது.

ஆனால் நம் கையில் வேறொரு சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரை வினாநிரலுடன் அவரவர் கிராமங்களுக்கு அனுப்பி, 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப்பின் அதே கிராமங்கள் மறுபடி ஆராயப்பட்டன. நம் மாணவரும் அவ்வாறு செய்யலாம். அவர்கள் பேழையில் அன்றே எழுதிவைத்த பதிவேடுகளும் உள்ளன. இங்கிலாந்தில் 1754 முதல் மணமக்கள் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டியதாயிற்று. ஒப்பமிட்டோரையும் குறியிட்டோரையும் எண்ணியே அந்நாட்டு எழுத்தறிவின் வரலாற்றை அறிஞர் வரைந்தனர். கையொப்பமிடத் தெரிந்தவர் வாசிக்கவும் அறிவார் என்பதற்கு உறுதியில்லை என்ற எச்சரிக்கையோடுதான் வரைந்தனர்.

நம் சேகரங்களின் திருமணப் பதிவேட்டிலும் கையொப்பமும் கைநாட்டும் அருகருகே காணக் கிடைக்கும். கோடைவிடுமுறையில் ஒரு மாணவர் ஒரு சேகரத்தின் பதிவேட்டை எடுத்துக்கொள்ளட்டும். பத்தாண்டுக்கு ஒரு வரிசை. மணமகனுக்கு ஒரு பத்தி, மணமகளுக்கு ஒரு பத்தி. ஊர் அல்லது தெரு குறிக்கப்பட்டிருப்பின் அதற்கும் ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் மொத்தத் திருமணங்கள் எத்தனை என்பதை முதலில் எழுத வேண்டும். நூற்று வீதம் பிறகு வரட்டும். கறையான் அரித்த பக்கங்களையும் காணாமற்போன ஆண்டுகளையும் தனியே எண்ணிக் குறிக்க வேண்டும். மக்களின் பெயர்களை அறிக்கையில் எழுதலாகாது.